'டையர்' என்ற ஆங்கிலச் சொல்: பொருளும் பயன்பாடும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கில நாளிதழ் படிப்பவர்களுக்கு அடிக்கடி கண்ணில் படும் சொல் 'டையர்'. பொருள் ஓரளவு தெரிந்தவர்கள்கூட எழுதும்போது தடுமாறுகிறார்கள். தமிழாக்கும்போதோ எல்லா இடத்திலும் 'பயங்கரமான' என்று போட்டு முடித்துவிடுகிறார்கள். ஆங்கிலச் செய்திகளைத் தமிழில் பெயர்ப்பது என் வேலை என்பதால் இந்தச் சொல்லைப் பற்றி நண்பர்களும் மாணவர்களும் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்தக் கேள்விகளை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன்.

டையர் என்றால் என்ன பொருள்?

டி, ஐ, ஆர், இ என்ற நான்கே எழுத்துகள் கொண்ட பெயரடை. நிலைமை மிக மோசம் என்பதோடு, இப்படியே விட்டால் கேடு நிச்சயம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. இந்த இரண்டாவது பாதியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். 'பேட்' என்பது இன்றைய நிலையை மட்டும் சொல்லும். 'டையர்' நாளைக்கு வரப்போவதையும் காட்டி அச்சுறுத்தும்.

ஓர் எடுத்துக்காட்டு. 1991-ல் இந்தியாவின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு இரண்டு, மூன்று வார இறக்குமதிக்குக் காணும் அளவுக்குக் கரைந்துபோனது. எண்ணெய் வாங்கப் பணம் இல்லாமல் போகலாம், வாங்கிய கடனுக்குத் தவணை தவறலாம் என்ற நிலை. அந்த ஆண்டு ஜூலையில் ரிசர்வ் வங்கி சுமார் 47 டன் தங்கத்தை பேங்க் ஆஃப் இங்கிலாந்திடமும் பேங்க் ஆஃப் ஜப்பானிடமும் அடகு வைத்துக் கடன் வாங்கியது. இதை ஆங்கிலத்தில் 'டையர் சிச்சுவேஷன்' என்று எழுதினால் யாரும் மிகை என்று சொல்ல மாட்டார்கள். பெட்ரோல் விலை இரண்டு ரூபாய் ஏறியதற்கு அதே சொல்லைப் போட்டால் படிப்பவர் முகம் சுளிப்பார்.

எப்படி உச்சரிப்பது? வண்டி டயரும் இதுவும் ஒன்றுபோல ஒலிக்கிறதே?

ஆங்கிலத்தில் ஒன்றுபோல ஒலிக்காது. தமிழில் எழுதும்போதுதான் குழப்பம். சொல்லின் முதலில் வரும் 'ட'கரத்தை ஆங்கிலத்தின் டீ எழுத்துக்கும் டி எழுத்துக்கும் ஒன்றாகவே பயன்படுத்துகிறோம். டிக்கெட்டும் டாக்டரும் நமக்கு ஒரே எழுத்துதான். வண்டிச் சக்கரத்தின் டயரை வல்லோசையோடு சொல்ல வேண்டும். நமது சொல்லை 'டாக்டர்' என்பதில் வரும் முதல் ஒலியைப் போல மெலிந்த ஒலியோடு தொடங்க வேண்டும். எழுத்தில் பிரித்துக் காட்டுவதற்காக இங்கே 'டையர்' என்றே எழுதுகிறேன்.

பிரிட்டிஷ்காரர்கள் கடைசி 'ர்' ஒலியை விழுங்கி 'டையஅ' என்பதுபோல் சொல்வார்கள். அமெரிக்கர்கள் அந்த 'ர்' ஒலியை நன்றாகச் சுருட்டிச் சொல்வார்கள். நாம் எப்படிச் சொன்னாலும் புரியும். 'டிரே' என்றோ 'டைரி' என்றோ மட்டும் ஆகிவிடக் கூடாது.

ஜாலியன்வாலா பாக் ஜெனரல் டயர் பெயருக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

ஒலி ஒன்றேதான், சொல் வேறு. 1919 ஏப்ரல் 13 அன்று அமிர்தசரஸில் கூடியிருந்த மக்கள்மீது சுட உத்தரவிட்ட ரெஜினால்ட் டயரின் குடும்பப் பெயர், 'சாயம் தோய்ப்பவர்' என்ற தொழிற்பெயரிலிருந்து வந்தது. அதன் எழுத்துக்கூட்டல் டி, ஒய், இ, ஆர். பள்ளிக்கூடத்தில் அந்த வரலாற்றைப் படித்த பிறகு 'டையர்' என்ற சொல்லைக் கேட்டாலே கொடுமைதான் நினைவுக்கு வருகிறது என்று ஒரு மாணவி சொன்னார். சொற்பிறப்பு அதை ஆதரிக்காது. ஆனால் அந்த நினைவு பொருளை மறக்காமல் வைத்திருக்க உதவுமென்றால் வைத்துக்கொள்ளட்டும்.

அப்புறம், எத்தியோப்பியாவில் 'டிரே டாவா' என்று ஒரு பெரிய நகரம் உண்டு. ஆங்கிலத்தில் எழுதினால் முதல் பாதி இதே நான்கு எழுத்துகள்தான். அது அந்த மண்ணின் மொழியிலிருந்து வந்த பெயர். நிலைமை மோசம் என்று பெயர்த்துவிடாதீர்கள்.

சொல் எங்கிருந்து வந்தது?

லத்தீனின் 'டீரஸ்' என்ற சொல்லிலிருந்து. ஆங்கிலத்துக்கு 16-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் வந்து சேர்ந்தது. லத்தீனில் அதற்குத் தீய சகுனம் காட்டுகிற, அச்சம் தருகிற என்ற பொருள் இருந்தது. பன்மையில் 'டீரே' என்றால் கெட்ட சகுனங்கள், சாபங்கள். பழிவாங்கும் பெண் தெய்வங்களுக்கும் ரோமர்கள் அதே பெயரை வைத்திருந்தார்கள்.

இதற்கு ஒரு புகழ்பெற்ற கதை இருக்கிறது. கிமு 55-ல் ரோமின் பெரும் பணக்காரரான கிராசஸ், இன்றைய ஈரான் பகுதியை ஆண்ட பார்த்தியர்கள்மீது படையெடுக்கக் கிளம்பினார். காரணமில்லாத போர் என்று பலர் எதிர்த்தார்கள். மக்கள் பிரதிநிதிகளில் ஒருவரான அட்டேயஸ் என்பவர் முன்னதாகவே ஓடிப்போய் நகர வாசலில் கணப்புச் சட்டியில் நெருப்பு மூட்டிக் காத்திருந்தார். கிராசஸ் அருகே வந்ததும் தூபம் போட்டு, கேட்கவே நடுங்கும் தெய்வங்களின் பெயர்களைச் சொல்லிச் சாபமிட்டார். கிராசஸ் அதைப் பொருட்படுத்தாமல் போனார். கிமு 53-ல் கார்ரே என்ற இடத்தில் அவர் படையின் பெரும்பகுதி அழிந்தது, அவரும் கொல்லப்பட்டார். கிராசஸ் பொருட்படுத்தாமல் போன அந்தச் சாபத்தையும் சகுனத்தையும் அக்கால ரோம எழுத்தாளர் சிசரோ லத்தீனில் குறிக்கும் சொல் 'டீரே' தான்.

இந்தக் கதையை நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 'டையர்' என்ற சொல்லுக்குள் இன்றும் அந்த அபசகுன வாடை இருக்கிறது. நடந்து முடிந்த துயரத்தைவிட, தலைக்குமேல் நிற்கும் துயரத்துக்கே அது அதிகம் பொருந்துகிறது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்ற விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே பெரும்பாலும் இருக்காது.

டைனோசர் என்ற பெயரின் முன்பாதியான கிரேக்கச் சொல்லுக்கும் 'அச்சம் தருகிற' என்றே பொருள். 1842-ல் ரிச்சர்ட் ஓவன் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் வைத்த பெயர் அது. இரண்டும் ஒரே பழைய வேரிலிருந்து பிரிந்திருக்கலாம் என்று மொழியியலாளர்கள் கருதுகிறார்கள்.

எந்தச் சொற்களோடு சேர்ந்து வரும்?

இதுதான் முக்கியமான கேள்வி. அகராதிப் பொருளைப் படித்துவிட்டு விருப்பப்பட்ட பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஒட்டினால் பெரும்பாலும் தவறாகத்தான் போகும். ஆங்கிலத்தில் இது குறிப்பிட்ட சில சொற்களோடுதான் குடித்தனம் நடத்துகிறது.

மோசமான நிலை என்ற பொருளில் வருபவை: டையர் சிச்சுவேஷன், டையர் கண்டிஷன்ஸ், டையர் பாவர்ட்டி, டையர் ஷார்ட்டேஜ், டையர் ஸ்ட்ரெய்ட்ஸ். வரப்போகும் கேட்டைச் சொல்பவை: டையர் கான்சிக்வன்சஸ், டையர் வார்னிங், டையர் பிரடிக்‌ஷன், டையர் த்ரெட். அவசரத்தைச் சொல்பவை: டையர் நீட், டையர் எமர்ஜென்சி.

இவற்றைத் தாண்டி எழுத வேண்டியிருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். மழை, தலைவலி, வெயில், கோபம் இவற்றுக்கெல்லாம் டையர் வராது. கனமழைக்கு 'ஹெவி', தலைவலிக்கு 'சிவியர்' அல்லது 'ஸ்ப்ளிட்டிங்' என்று வேறு சொற்கள் இருக்கின்றன. நமக்குத் 'தாங்க முடியாத தலைவலி'யும் 'தாங்க முடியாத வறுமை'யும் ஒரே அடைமொழியில் அடங்கிவிடும். ஆங்கிலம் அப்படி விடாது.

தட்டுப்பாடு பற்றிச் சொல்ல இலங்கையின் 2022-ஐவிடப் பொருத்தமான காட்சி கிடைக்காது. அந்த ஆண்டு ஏப்ரல் 12-ல் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. பெட்ரோலுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றார்கள். ஆஸ்பத்திரிகளில் மருந்து இல்லை. 'டையர் ஷார்ட்டேஜ்' என்ற தொடர் முழுப் பொருளோடு நிற்பது அப்படிப்பட்ட இடத்தில்தான்.

'டையர் கான்சிக்வன்சஸ்' என்று போலீஸ் செய்திகளில் வருகிறதே, அதற்கு என்ன அர்த்தம்?

இந்திய ஆங்கிலத்துக்கே உரிய தொடர் என்று சொல்லும் அளவுக்கு நம்மூர்ச் செய்திகளில் இது புழங்குகிறது. 'புகார்தாரரை டையர் கான்சிக்வன்சஸ் என்று மிரட்டினார்' என்ற அமைப்பு. நிலத்தகராறு, கந்துவட்டி, குடும்பச் சண்டை எதுவானாலும் செய்தியின் கடைசிப் பத்தியில் இந்த வரி காத்திருக்கும்.

மிரட்டியவர் அந்த ஆங்கிலச் சொல்லைச் சொல்லியிருக்க மாட்டார் என்பது வெளிப்படை. 'உன்னை என்ன பண்றேன் பாரு', 'இந்த ஊர்ல எப்படி இருக்கேன்னு பாத்துடறேன்' என்பதுபோல ஏதாவது சொல்லியிருப்பார். புகாரில் அது அப்படியே இருக்கலாம். ஆங்கிலத்தில் எழுதும் நிருபர் அதை நான்கு சொல்லில் சுருக்குகிறார். அந்தச் சுருக்கத்தை மறுபடி தமிழாக்கும்போதுதான் ஆபத்து.

பலர் இதைக் 'கொலை மிரட்டல் விடுத்தார்' என்று பெயர்க்கிறார்கள். மூலத்தில் கொலை என்ற பேச்சே இல்லாதபோது அப்படி எழுதுவது பெரிய தவறு. சட்டமே இரண்டையும் வேறாகப் பார்க்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 506-ஆவது பிரிவும், 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-ஆவது பிரிவும் சாதாரணக் குற்ற மிரட்டலுக்கு 2 ஆண்டு வரை சிறை என்கின்றன. கொலை அல்லது கொடுங்காயம் விளைவிப்பதாக மிரட்டினால் 7 ஆண்டு வரை போகும். ஒரு மனிதரின் பெயரோடு அச்சாகும் செய்தியில் இரண்டு ஆண்டுக் குற்றத்தை ஏழு ஆண்டுக் குற்றமாக்குவது மொழிபெயர்ப்பாளரின் வேலை இல்லை.

வாயால் சொன்னாலே மிரட்டல் ஆகிவிடுமா என்றும் கேட்கிறார்கள். 2015-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதைத் தெளிவாக்கியது. பெங்களூரு போக்குவரத்துப் போலீசின் பேஸ்புக் பக்கத்தில் ஒரு தம்பதி தங்கள் மனக்குறையை எழுதினார்கள், அவர்கள்மேல் மிரட்டல் வழக்குப் பதிவானது. அச்சமூட்டும் நோக்கம் இல்லாமல் வெறும் வார்த்தைகள் மட்டும் போதாது என்று சொல்லி நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது.

சரி, தமிழில் எப்படி எழுதுவது? புகாரின் சொற்கள் கிடைத்தால் அவற்றையே எழுதுங்கள். கிடைக்காவிட்டால் 'விபரீத விளைவுகளைச் சந்திக்க நேரிடும் என்று மிரட்டினார்' என்பது சரியாக இருக்கும். வெறும் 'மிரட்டினார்' என்பதும் பல இடங்களில் போதும்.

இதே தொடர் மிரட்டல் இல்லாமலும் வரும். காடுகளை அழித்தால் டையர் கான்சிக்வன்சஸ், தடுப்பூசி போடாவிட்டால் டையர் கான்சிக்வன்சஸ் என்று எழுதுவார்கள். அங்கே 'கடும் விளைவுகள்' அல்லது 'கொடிய விளைவுகள்'. 'விபரீதம்' என்பதை மனிதர்கள் ஒருவரை ஒருவர் எச்சரிக்கும் இடத்துக்கு வைத்துக்கொள்வது என் வழக்கம்.

'டையர் ஸ்ட்ரெய்ட்ஸ்' என்றால்? அதில் வரும் இரண்டாவது சொல் நேர்க்கோடா?

நேர்க்கோட்டைக் குறிக்கும் 'ஸ்ட்ரெய்ட்' என்ற சொல்லில் ஜி, எச் என்ற இரண்டு எழுத்துகள் நடுவில் உண்டு. இதில் அவை கிடையாது. ஆங்கிலேயர்களே அடிக்கடி தப்பாக எழுதும் இடம் இது.

இங்கே வருவது குறுகலான நீர்வழியைக் குறிக்கும் சொல். நமக்கு நன்கு தெரிந்த பாக் நீரிணை ஆங்கிலத்தில் 'பாக் ஸ்ட்ரெய்ட்'. 18-ஆம் நூற்றாண்டில் மதராஸ் ஆளுநராக இருந்த ராபர்ட் பாக் பெயரால் அமைந்தது. இருபுறமும் கரை நெருக்க, கப்பல் திரும்பக்கூட இடமில்லாமல் போகும் குறுகல்தான் சொல்லின் அடிப்படை. அதிலிருந்து, தப்பிக்க வழி இல்லாத கஷ்டம் என்ற பொருள் வந்தது. தமிழில் 'நெருக்கடி' என்ற சொல்லும் இதே நெருக்கத்திலிருந்து பிறந்ததுதானே? அதனால் 'டையர் ஸ்ட்ரெய்ட்ஸ்' என்பதற்குக் 'கடும் நெருக்கடி' பொருளிலும் உருவகத்திலும் பொருந்திப்போகிறது. இவ்வளவு கச்சிதமான இணை எப்போதாவதுதான் கிடைக்கும்.

பெரும்பாலும் பணக் கஷ்டத்துக்கே வருகிறது. ஒரு கம்பெனி, ஒரு குடும்பம், ஒரு நாட்டின் கஜானா. பேச்சுத்தமிழில் 'பணமுடை', 'ரொம்ப இக்கட்டு' என்பவை நெருங்கி வரும். எப்போதும் பன்மையில்தான் எழுத வேண்டும், முன்னால் 'இன்' சேர்க்க வேண்டும். 'தி கம்பெனி இஸ் இன் டையர் ஸ்ட்ரெய்ட்ஸ்'. நடுவில் 'ஏ' வராது. 1977-ல் லண்டனில் தொடங்கிய புகழ்பெற்ற ராக் இசைக்குழுவும் இதே பெயரைத்தான் வைத்துக்கொண்டது. அப்போது அவர்கள் கையில் காசு இல்லை.

விடுப்புக் கடிதத்தில் 'ஐ ஆம் இன் டையர் நீட் ஆஃப் லீவ்' என்று எழுதலாமா?

இலக்கணம் சரி, அளவு தப்பு. டையர் நீட் என்றால் அது கிடைக்காவிட்டால் கெட்டது நடக்கும் என்று பொருள். வெள்ளத்தில் சிக்கியவர்களுக்கு உணவும் குடிநீரும் டையர் நீட். அக்கா கல்யாணத்துக்கு இரண்டு நாள் விடுப்பு நமக்கு முக்கியம்தான், ஆனால் ஆங்கிலம் படிக்கும் மேலாளருக்கு அந்தச் சொல் தூக்கலாகத் தெரியும். 'ஐ ரிக்வெஸ்ட் லீவ் ஃபார் டூ டேஸ்' என்று எழுதிக் காரணத்தை ஒரு வரியில் சொன்னால் போதும்.

வேலைக்கு விண்ணப்பிக்கும் கடிதத்தில் 'டையர் நீட் ஆஃப் எ ஜாப்' என்று எழுதுவதையும் பார்க்கிறேன். மனம் கனக்கிறது. உண்மையாகவே அப்படி ஒரு நிலையில் இருந்துதான் எழுதியிருப்பார்கள். ஆனால் அந்த வரி உங்கள் திறமையை மறைத்து உங்கள் கஷ்டத்தை மட்டும் முன்னால் நிறுத்துகிறது. சம்பளப் பேச்சிலும் உங்களைக் கீழே இறக்கிவிடும். அதை எடுத்துவிட்டு, உங்களால் என்ன செய்ய முடியும் என்பதை அந்த இடத்தில் எழுதுங்கள்.

ரத்தம் தேவை என்று வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டையர் நீட் தவறில்லை. இருந்தாலும் 'அர்ஜென்ட்' என்பதே நல்லது. ஓடிவர வேண்டியவருக்கு ஒரு நொடியில் புரிய வேண்டும். ரத்த வகை, மருத்துவமனை, தொடர்பு எண் மூன்றும் முதல் வரியிலேயே இருக்கட்டும்.

டெஸ்பரேட், சிவியர், கிரிட்டிக்கல், கிரிம் இவற்றிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

'டெஸ்பரேட்' மனிதருக்கும் வரும், நிலைமைக்கும் வரும். லத்தீனில் நம்பிக்கை இழப்பது என்ற வேர். நம்பிக்கை போனதால் எதையும் செய்யத் துணிந்தவரை டெஸ்பரேட் என்பார்கள். டையர் மனிதரைக் குறிக்காது. 'ஹி இஸ் டையர்' என்று எழுதி அவர் கஷ்டத்தில் இருக்கிறார் என்று சொல்ல முடியாது. நிலைமை டையர், அதில் மாட்டியவர் டெஸ்பரேட். இந்த ஒரு வரியை நினைவில் வைத்தால் பாதிக் குழப்பம் போய்விடும்.

'சிவியர்' கடுமையின் அளவைச் சொல்வது, அளந்து பார்க்கக்கூடியது. இந்திய வானிலை ஆய்வுத் துறை மணிக்கு 89 முதல் 117 கிலோமீட்டர் வரை காற்று வீசும் புயலைத்தான் 'சிவியர் சைக்ளோனிக் ஸ்டார்ம்' என்கிறது. தமிழில் தீவிரப் புயல். அந்தப் பட்டியலில் டையர் என்று ஒரு வகை கிடையாது. டையர் என்பது அளவுகோல் இல்லாத சொல், பார்ப்பவரின் கவலையைச் சுமந்து வருவது.

'கிரிட்டிக்கல்' மருத்துவமனைச் சொல். நோயாளி கிரிட்டிக்கல் என்றுதான் அறிக்கை வரும். டையர் என்று எந்த டாக்டரும் எழுத மாட்டார்.

'கிரிம்' இறுகிய, நம்பிக்கை தராத நிலை. செய்தியும் கிரிம், முகமும் கிரிம். டையரைவிட அவசரம் குறைவு.

'டையர் வார்னிங்' என்றால் எச்சரிக்கை மோசமானதா?

இல்லை, எச்சரிக்கையில் சொல்லப்படும் விஷயம் மோசமானது. 'மோசமான எச்சரிக்கை' என்று பெயர்த்தால் எச்சரித்தவரைக் குறை சொல்வதுபோல் ஆகிவிடும். 'கடும் எச்சரிக்கை' என்பதிலும் சின்னச் சிக்கல் இருக்கிறது. அது போலீஸ் கமிஷனர் விடுக்கும் எச்சரிக்கைபோல, கண்டிப்பான தொனியைக் காட்டுகிறது. விஞ்ஞானிகள் பருவநிலை பற்றிச் சொல்வதை 'பேராபத்து குறித்த எச்சரிக்கை' என்று பிரித்து எழுதுவது மேல்.

டையர் பிரடிக்‌ஷனுக்கு இன்னொரு குணம் உண்டு. பல சமயம் அது பலிக்காமல் போன கணிப்பைச் சொல்லவே வருகிறது, 'டையர் பிரடிக்‌ஷன்ஸ் இருந்தும்' என்ற அமைப்பில். 1999-ல் ஒய்-டூ-கே பயம் நினைவிருக்கிறதா? ஆண்டை இரண்டு இலக்கத்தில் மட்டும் வைத்திருந்த கணினிகள் 2000 பிறந்ததும் குழம்பி வங்கிகள் முடங்கும், மின்சாரம் நின்றுபோகும் என்றார்கள். ஜனவரி 1 வந்தது, சிறு கோளாறுகளோடு கடந்துபோனது. வீண் பயம் என்று சிலர் இன்றும் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்திய நிரலாளர்கள் உட்பட எத்தனையோ பேர் இரவு பகலாகப் பழைய நிரல்களைத் திருத்தியதால்தான் அது வீண் பயம்போலத் தெரிகிறது.

'தி மூவி வாஸ் டையர்' என்று ஒரு விமர்சனத்தில் படித்தேன். படம் அவ்வளவு சோகமா?

படம் படு மட்டம் என்று பொருள். பிரிட்டிஷ் பேச்சுவழக்கு. சாப்பாடு, கிரிக்கெட் ஆட்டம், நாடகம், ஹோட்டல் அறை எதையும் இப்படிச் சொல்வார்கள். தமிழில் 'மகா மட்டம்', 'தாங்க முடியல' என்று பேசுவது மாதிரி. இந்தப் பொருளில் மட்டும் மனிதருக்கும் வரும். கோல் கீப்பர் டையர் என்றால் அன்று அவர் ஆடியது கேவலம் என்று அர்த்தம். அமெரிக்கர்களிடம் இந்த வழக்கம் குறைவு. தேர்வுத்தாளிலும் அலுவலகக் கடிதத்திலும் இப்படி எழுத வேண்டாம்.

ஒப்பீட்டு வடிவங்கள் உண்டா?

டையரர், டையரஸ்ட் என்று அகராதியில் உண்டு. காதுக்கு முதலாவது இடறுகிறது என்பதால் 'மோர் டையர்' என்பதே அதிகம் புழங்குகிறது. 'வெரி டையர்' தவறில்லை, ஆனால் சொல்லே உச்சத்தில் நிற்கும்போது 'வெரி' எதற்கு? வினையடை 'டையர்லி'. 'டையர்லி நீடட்' என்ற தொடரில் பார்க்கலாம், மற்றபடி அரிது.

தமிழில் ஒரே சொல்லாக எதைப் பயன்படுத்துவது?

ஒரே சொல் இல்லை, தேடவும் வேண்டாம். வறுமைக்குக் 'கொடிய' போடுங்கள். ஔவை பாட்டிலிருந்தே நம் காதில் ஊறிய அடைமொழி அது. தட்டுப்பாட்டுக்கும் நெருக்கடிக்கும் 'கடும்'. தேவைக்கு 'அவசர', இன்னும் அழுத்தம் வேண்டுமென்றால் 'உயிராதாரமான'. 'அத்தியாவசிய' என்று போட்டுவிடாதீர்கள். அது எப்போதும் வேண்டியதைச் சொல்லும் சொல். அரிசி அத்தியாவசியம், வெள்ளத்தில் தவிப்பவருக்கு அதே அரிசி அவசரத் தேவை. அகதி முகாம்களின் நிலையை எழுதும்போது 'அவல நிலை' சரியாக வரும். நிலைமை பொதுவாக மோசம் என்றால் 'படுமோசம்' போதும், நன்றாகவே பேசும் சொல் அது.

'பயங்கர'த்தை மட்டும் கூடியவரை தவிர்க்கலாம். 'பயங்கர ஜாலி', 'பயங்கரப் பசி' என்று பேசிப் பேசி அதன் பல்லைப் பிடுங்கிவிட்டோம்.

'டையர் உல்ஃப்' என்ற ஓநாய் எது?

வட அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவின் சில பகுதிகளிலும் வாழ்ந்து, கடைசிப் பனியுகம் முடியும் காலத்தில் அழிந்துபோன பெரிய ஓநாய். 1858-ல் ஜோசப் லைடி என்ற அமெரிக்க ஆய்வாளர் அதன் அறிவியல் பெயரில் 'டீரஸ்' என்ற அந்த லத்தீன் சொல்லைச் சேர்த்தார். லாஸ் ஏஞ்சலஸில் லா பிரேயா என்ற இடத்தின் தார்க் குழிகளில் மாட்டிச் செத்தவை மட்டும் 4,000-க்கும் மேல் கிடைத்திருக்கின்றன. 2021-ல் வெளியான மரபணு ஆய்வு, இது இன்றைய சாம்பல் ஓநாய்க்கு நெருங்கிய சொந்தம் இல்லை, தனிப் பேரினம் என்று காட்டியது.

2025 ஏப்ரலில் கொலோசல் என்ற அமெரிக்க நிறுவனம் இதை மீட்டுக் கொண்டுவந்துவிட்டதாக மூன்று குட்டிகளைக் காட்டியது. சாம்பல் ஓநாயின் செல்லில் 14 மரபணுக்களில் 20 மாற்றங்கள் செய்து பிறந்தவை அவை. மரபணு திருத்திய சாம்பல் ஓநாய் என்றே பல விஞ்ஞானிகள் சொல்கிறார்கள், நானும் அப்படி எழுதுவதையே நேர்மையாகக் கருதுகிறேன். பெயரைப் பெயர்க்க வேண்டியதில்லை. 'டயர் ஓநாய்' என்று எழுதினால் மட்டும் வாசகர் மனதில் லாரிச் சக்கரம் வந்து நிற்கும். 'டையர் ஓநாய்' என்று ஐகாரத்தோடு எழுதுங்கள்.

நான் எழுதிய வாக்கியம் சரியா என்று எப்படிப் பார்ப்பது?

டையர் இருக்கும் வாக்கியத்துக்குப் பின்னால் 'இல்லாவிட்டால் என்ன ஆகும்?' என்று கேட்டுப் பாருங்கள். மாணவர்கள் அனுப்பிய மூன்று வாக்கியங்களில் இதைப் பொருத்துகிறேன்.

'தி வில்லேஜ் இஸ் இன் டையர் நீட் ஆஃப் டிரிங்கிங் வாட்டர்.' தண்ணீர் வராவிட்டால் என்ன ஆகும்? வயிற்றுப்போக்கு, ஊரைவிட்டுப் போதல், உயிரிழப்பு. சரியான வாக்கியம்.

'மை ஃபோன் இஸ் இன் எ டையர் கண்டிஷன்.' திரை உடைந்திருக்கிறது, அவ்வளவுதான். 'பேட் ஷேப்' என்று மாற்றினால் இயல்பாகிவிடும்.

'ஹி கேவ் மீ டையர் அட்வைஸ்.' என்ன சொல்ல வந்தார் என்பதே எனக்குப் புரியவில்லை. கேட்டபோது, 'ரொம்ப சீரியஸா புத்தி சொன்னார்' என்றார். அதற்கு 'சீரியஸ்' போதும். இப்போது இருக்கும்படி படித்தால், அவர் சொன்ன யோசனை படு மட்டம் என்று லண்டன்காரர் புரிந்துகொள்வார்.